என் தலைக்குள் நீ உட்காரவைத்த பெண்

மகனே,

இரண்டு நிமிட வாய்ஸ் நோட் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தாய். ஜெர்மனியில் உன் கண்காட்சி திறக்கும்போது அந்தக் கூடத்தில் என் குரல் கேட்க வேண்டுமாம். மறந்துபோவது எப்படி இருக்கிறது என்று அம்மாவின் சொந்த வார்த்தையில் சொன்னால் போதும் என்றாய். நான் அனுப்பப்போவதில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது, அது வேறு விஷயம். எனக்கு மறதி இல்லை என்பதுதான் காரணம். இல்லாத நோயைப் பற்றி இரண்டு நிமிடம் பேச எனக்குத் தெரியாது. போனில் இதைச் சொல்லத் தொடங்கினால், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், பின்னே விளிக்காம்" என்று வைத்துவிடுகிறாய். அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிற அந்தப் பின்னே இதுவரை வந்ததில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் முழுவதும் படி. பாதியில் வைத்துவிட்டு, "ஓகே அம்மா" என்று ஒரு மெசேஜ் போடாதே. நீ படித்தாயா இல்லையா என்பது உன் "ஓகே"யின் வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் அந்த ஸ்கேனைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷ மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது தலை சுற்றியது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கழக்கூட்டத்து ஃபிளாட்டிலிருந்து அந்த டிராஃபிக்கில் ஓடி வந்தாய். அன்றைக்கு உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை, அதற்காக இப்போதும் உன்னைக் கும்பிடலாம். ஆனால் டாக்டர் சொன்னதையும் நீ என் பக்கத்தில் நின்றுதானே கேட்டாய்? காதுக்குள் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பாகத்தில் சின்னக் கோளாறு, மூளையில் ஒன்றும் இல்லை, இந்த வயதுக்கு இது நல்ல மூளை என்றார். நீ தலையாட்டினாய். பிறகு அந்த ஸ்கேன் சிடியை வாங்கி உன் பையில் வைத்துக்கொண்டாய். பத்திரமாக வைப்பதற்கு என்று நினைத்தேன். அடுத்த மாதம் வந்து ஆல்பத்தையும் கேட்டாய். பழைய போட்டோ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கிறேன் அம்மா, இங்கே ஈரம் பிடித்துப் போய்விடும் என்றாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உளுந்துவடை சுட்டுக் கொடுத்து ஆல்பத்தையும் கொடுத்துவிட்டேன்.

அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்ததை நீ பிறகு கண்காட்சிச் சுவரில் எழுதிவைத்தாய்: இயந்திரத்தின் இருட்டில் அம்மா தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கிறாளாம். யார் உனக்கு இதைச் சொன்னது? பக்கத்து வீட்டில் கிணறு துளைக்கிற மாதிரி சத்தம். அசையக் கூடாது, இருமக் கூடாது. நான் நினைத்துக்கொண்டிருந்தது வீட்டில் மீன்சட்டி அடுப்பில் இருக்கிறதே, கேஸை அணைத்தேனா என்று. ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் அது ஒன்றைத்தான் நினைத்தேன். அந்தப் படங்களில் ஏதாவது பதிந்திருக்கிறது என்றால் அந்தச் சாளைமீன் குழம்பாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. என் தலையைப் பற்றி ஒரு வருஷம் வேலை செய்திருக்கிறாய், அந்தத் தலையின் சொந்தக்காரியோடு உட்கார்ந்து ஒரு அரைமணி நேரம் பேசவில்லை.

உனக்கு இது சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். ஏழாம் கிளாஸில் படிக்கும்போது உன் அப்பா நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குவதை வரைந்து பள்ளிக்கூடப் போட்டிக்குக் கொடுத்தாய். பரிசு வந்தது. வராந்தா முழுக்க மாட்டிவைத்தார்கள். அப்பா வந்து பார்த்துவிட்டு, நன்றாக வரைந்திருக்கிறான் என்று வாத்தியாரிடம் பெருமையாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் அவர் கூடத்து நாற்காலியில் தூங்கவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய், உனக்குப் பரிசுக் கோப்பை கிடைத்த சந்தோஷம். அன்றைக்கே உன்னைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு மனுஷனை எடுத்து ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை வரைகிறானே என்று விட்டுவிட்டோம். இப்போது சொல்கிறேன். தாமதம்தான், இருந்தாலும் கேட்டுக்கொள்.

ஜெர்மனிக்கு முன்னால், இங்கே சாலை கம்போளச் சந்தையில் பழைய அரிசிக் கிடங்கைக் கூடமாக்கி உன் கண்காட்சியைத் திறந்த நாளில் நான் பட்டுச்சேலை உடுத்தி, பாட்டுக்குழுப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். என் மகனுடைய படம் காட்டுகிறார்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். உள்ளே ஒரே இருட்டு. மூன்று சுவரிலும் என் மண்டை, பஸ் அளவுக்கு. அது மெல்ல மெல்லச் சீவல் சீவலாகத் திறக்கிறது, ஒவ்வொரு சீவலுக்குள்ளும் நம் வீட்டு போட்டோ ஒன்று பூத்து வந்து, தண்ணீரில் விழுந்த மை மாதிரி கலைந்து போகிறது. உள்ளதைச் சொல்கிறேன், அப்பா மொட்டைமாடியில் நின்று துணி காயப்போடுகிற படம் கலைந்து போனபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அதை நீ நன்றாகச் செய்திருந்தாய். அழகில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை வைத்திருந்தாயே, "மறந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் மூளைக்குள் ஒரு பயணம்" என்று. பாட்டுக்குழு நடத்துகிற கிளாடிஸ் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். பிறகு இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்து, "தெய்வம் கைவிடாது, கேட்டியா" என்றாள். நான் தலைசுற்றலைச் சொல்கிறாள் என்று நினைத்து, "அது எப்பவோ செரியாயாச்சு" என்றேன். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்த ஞாயிறு என் கையில் கொட்டை எழுத்தில் அடித்த பாட்டுத்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நான் தனியாகப் பாடுவதாக இருந்த பாட்டை வேறொருத்திக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "உனக்கு ஆயாசம் வேண்டாம்னுதான்" என்கிறாள் கிளாடிஸ். எதிர்வீட்டு சுமதி ஒருநாள் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, "சேச்சிக்கு என்னெ மனசிலாயோ?" என்றாள், தன்னை அடையாளம் தெரிகிறதா என்று. அவளுக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரியும் எனக்கு. அவள் மாமியாரோடு போட்ட சண்டை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது, சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் போய்விட்டாள். ஸ்டாண்டிலிருந்து வருகிற ஆட்டோக்காரர் என்னை வாசலில் இறக்கிவிட்டு, நான் பூட்டைத் திறந்து உள்ளே போகிற வரைக்கும் நிற்கிறார். எல்லாரும் நல்ல மனசோடு செய்கிறார்கள், அதனால் யாரிடமும் எரிந்து விழவும் முடியவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால், அப்படிச் சொல்வதையும் நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதை உன்னிடம் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"அம்மா, அது நீ இல்ல. ஒரு அம்மா. கான்செப்ட் மாத்திரம்தான். பர்சனலா எடுக்காதே."

"அந்த மண்டை ஆருக்குள்ளதாக்கும்?"

"மண்டை உன்னோடது. பட் கதை உன்னோடது இல்ல."

"அப்பொ என் மண்டையைத் திருப்பித் தா. ஒன் கதைக்கு வேற மண்டை பாத்துக்கோ."

நீ சிரித்தாய். அம்மா நல்ல காமெடி என்றாய். நான் காமெடி சொல்லவில்லை, மகனே.

இதெல்லாம்கூடப் போகட்டும். பாட்டு போனால் போகிறது, சுமதி என்ன நினைத்தால் என்ன. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது கல்லாற்றுப் படத்துக்காக. திறப்பு நாளிலேயே அதைப் பார்த்தேன். ஆற்றின் நடுவில் பெரிய பாறை, பாறைமேல் நீலச் சேலையில் நான் நிற்கிறேன், கொஞ்சம் தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் மடியில் குழந்தையாக நீ. அந்தப் பெண்ணை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வெளுத்த முகம், பற்பசை விளம்பரத்தில் வருகிற மாதிரி வரிசைப் பல்லு, கழுத்தில் நாம் யாரும் போடாத ஒரு மாலை. சிரித்துக்கொண்டு உன்னைக் கட்டிப்பிடித்திருக்கிறாள். எனக்கு ஒரு நிமிஷம் நிஜமாகவே பயம் வந்தது. கிளாடிஸ் சொல்வது உண்மைதானோ, இப்படி ஒருத்தி நம்மோடு வந்து நான்தான் மறந்துவிட்டேனோ என்று. அங்கேயே உன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன், "யாரு மோனே அது?" என்று. "யாருமில்லம்மா. போட்டோவில அந்த பாகம் இல்லல்லா, கம்ப்யூட்டர்ல ஏஐ மெஷின் ஃபில் பண்ணியது" என்று சொல்லிவிட்டு, யாரோ பெரிய மனுஷர் வந்தார் என்று நீ போய்விட்டாய்.

யாருமில்லை. அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த போட்டோ நம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஊறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அப்பா பதமாகத்தான் உரித்தார், இருந்தும் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. மிஞ்சி ஆல்பத்துக்குப் போன பாதியில் நான் இருந்தேன், ஒரு காது போக நீ இருந்தாய், உன் வயிற்றைச் சுற்றிப் பிடித்த ஒரு கையும் இருந்தது. முழங்கைக்கு மேலே ஒன்றும் இல்லை. அந்தக் கையில் கட்டிய வாட்சின் முகம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், நாடி பிடித்துப் பார்க்க வசதியாக நர்ஸுகள் கட்டுவார்களே, அப்படி. உன் மெஷின் அந்தக் கையிலிருந்து ஒரு பெண்ணை முளைக்கவைத்தது. மெஷினைச் சொல்லி என்ன பிரயோஜனம், அதற்கு வாயா இருக்கிறது கேட்பதற்கு? உனக்கு இருந்ததே. இந்தக் கை யாருடையது அம்மா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: அது உன் பெரியம்மையின் கை. விதுராவில் இருக்கிற என் அக்கா ஸ்டெல்லாபாய். உன்னை வளர்த்தவள்.

சின்ன வயதில் கொஞ்ச நாள் விதுராவில் இருந்தாய் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறோம். கொஞ்ச நாள் என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னது. எனக்கு அப்போது டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலை, மாறி மாறி ஷிஃப்ட். அப்பாவுக்கு உத்தியோகம் பாலக்காட்டில். நீயோ பிறந்ததிலிருந்து நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக இருந்தாய். கல்யாணம் வேண்டாம் என்று இருந்த அக்காவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஆஸ்பத்திரியை ஒட்டியே குவார்ட்டர்ஸ். "கொச்ச என்கிட்ட தா, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவளே வந்து, பச்சைப்பிள்ளையான உன்னைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். நீ நடந்தது, பேசியது, பல் முளைத்தது எல்லாம் அங்கேதான். லீவு கிடைத்த நாளெல்லாம் நான் பஸ் ஏறி வருவேன். அவளை நீ அம்மை என்று கூப்பிட்டாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் என்னைச் சேச்சி என்றதைக் கேட்டு நீயும் என்னைச் சேச்சி என்றாய். அக்காதான் ஒவ்வொரு தடவையும், "சேச்சி இல்ல மக்களே, அதாக்கும் ஒன் அம்மா" என்று திருத்துவாள். திருத்தும்போது அவள் உன்னைப் பார்க்க மாட்டாள், அடுப்பைப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தது. எனக்குப் பகல் ஷிஃப்ட் கிடைத்தது, அப்பாவுக்கும் மாற்றம் கிடைத்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஞாயிறுதோறும் அக்கா வந்தாள். அவள் திரும்பிப் போகும்போதெல்லாம் நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்துவாய், ராத்திரிக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒருநாள் அப்பா அவளிடம், "கொஞ்ச நாளு வராம இரிங்க அக்கா, அவன் ஒண்ணு எணங்கட்டும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது உனக்குத் தெரியும். அக்கா சரி என்றாள். அப்படியே போனவள்தான். நீ இணங்கினாய், மறந்தாய், சிரித்தாய். அவள் வரவில்லை. நான் கடிதம் போட்டால் இரண்டு வரியில் பதில் வரும், பிறகு அதுவும் நின்றது. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தாள். கடைசியில், கேட் பக்கம் நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக்கொண்டே வந்த நீ அவளிடமும் வந்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி, வந்ததுக்கு" என்று சொன்னாய். அவள் உன் கையைப் பிடித்து, வாட்சைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள். நான் அதைப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை அன்றைக்கு.

இப்போது நடந்ததைக் கேள். உன் கண்காட்சியின் வீடியோ ஒன்று போன் போனாகச் சுற்றி விதுரா சந்தை வரைக்கும் போயிருக்கிறது. அங்கே மருந்துக்கடையில் யாரோ, நர்ஸம்மாவின் தங்கச்சிக்குச் சுகமில்லையாமே என்று அவளிடம் அதைக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் என் போன் அடித்தது. வாழ்நாள் முழுக்கக் குரலைக் கேட்டே பிழைத்தவள் நான், மூச்சு விட்டதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"நான்தான்," என்றாள்.

"சொல்லுக்கா."

"ஒனக்குத் தலைக்கு சொகமில்லன்னு இங்க எல்லாரும் சொல்லுதாவ."

"எனக்கு ஒண்ணுமில்ல. காதுலயாக்கும் கொளப்பம். அதுவும் மாறியாச்சு."

"அப்பொ ஒரு காரியம் கேக்கட்டா? அந்தப் பெண்ணு ஆரு?"

"எந்தப் பெண்ணு?"

"கல்லாத்துப் படத்துல உள்ளவ. என் கைக்கு மேல இருக்காளே, அவ ஆருன்னு கேக்கேன்."

"ஆருமில்லக்கா, மெஷின் போட்டது" என்றேன். நீ சொன்ன அதே பதில் என் வாயிலும் வந்தது. பிறகு, "மெஷினுக்கு என் கையி எங்க கிட்டிச்சு?" என்றாள். குரல் உடைந்திருந்தது. உன்னைக் கொடுத்தபோது அழவில்லை, அப்பா வரவேண்டாம் என்றபோது அழவில்லை. முகம் தெரியாத ஒருத்தி உன்னை மடியில் வைத்திருக்கிறாள் என்பதற்கு அழுதாள். நான் சமாதானமாக ஏதோ சொல்லப்போனேன். அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். படம் கெட்டுப்போனபோதே ஏன் சொல்லவில்லை, பிள்ளைக்கு ஏன் ஒன்றும் சொல்லி வளர்க்கவில்லை, நான் என்ன செத்தா போனேன் என்று. நானும் விடவில்லை. வராமல் இருந்தது நீயா நானா, ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை வீம்பா என்று கேட்டேன். அப்படி ஒரு சண்டை நாங்கள் பாவாடை கட்டின காலத்துக்கு அப்புறம் போட்டதில்லை. கடைசியில் அவளே, "செரி, அது என்னைக்கு வரைக்கும் காட்டுவாவ?" என்று கேட்டாள்.

கடைசி நாளில் காலை பஸ்ஸில் வந்தாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நான் போய் அழைத்தேன். முட்டு வலியால் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள், மற்றபடி அதே ஆள். கிடங்கு வாசலில் நின்ற பெண்பிள்ளை என்னை அடையாளம் கண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர்ட்டிஸ்டின்றெ அம்மயல்லே, ஸ்டெப் உண்டு, சூக்ஷிக்கணே" என்று, படியில் விழுந்துவிடப்போகிறேன் என்பது போல என் முழங்கையைப் பிடித்தாள். அக்கா, "அவளுக்கு ஒண்ணுமில்ல மோளே. வேணும்னா என்னைப் பிடி, எனக்காக்கும் முட்டுவலி" என்றாள். உள்ளே போய் என் மண்டையைக் கொஞ்ச நேரம் நர்ஸ் கண்ணோடு பார்த்தாள். "நல்ல மூளையாக்கும். ஒனக்கு இது அதிகம்" என்றாள். இருட்டில் இரண்டு பேரும் சிரித்தோம். முன்னால் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மறதிநோய்க்காரியின் மண்டையைப் பார்த்து இரண்டு கிழவிகள் சிரிப்பது அவர்களுக்குப் பிடித்திருக்காது.

பிறகு கல்லாறு வந்தது. அக்கா சுவரை நோக்கி நடந்தாள். கிட்டே போகப் போக அவள் நிழல் சுவரில் விழுந்து, அந்தப் பல்லுக்காரியை மறைத்துவிட்டது. மடியில் நீ மட்டும் தெரிந்தாய், அந்தக் கையும். வாசல் பெண்பிள்ளை ஓடி வந்து, லைட்டில் நிற்காதீர்கள் என்று மலையாளத்தில் சொன்னாள். "நான் அங்க இருந்த ஆளாக்கும் மோளே" என்றாள் அக்கா. அதற்குள் படம் கலைந்துவிட்டது. மறுபடி வரும் என்று உட்கார்ந்தோம். வந்தது, போனது, மறுபடியும் இருந்தோம். நான் என் போனிலிருந்த அக்காவின் பழைய போட்டோ ஒன்றைக் காட்டி, இதைக் கொடுத்தால் அவன் உன் முகத்தை அங்கே வைத்துவிடுவான் என்றேன். "வேண்டாம்" என்றாள். "என்னைக் கொண்டு அங்ஙன ஒட்டாண்டாம். போன பாகம் போனதாவே கெடக்கட்டும். அவளை மட்டும் எறக்கிவிடச் சொல்லு. என் கையில வேறொருத்திய வைக்காண்டாம்."

வெளியே வந்து கடையில் சாயா குடித்தோம். அங்கேதான் எங்களுக்குள் அடுத்த தர்க்கம். அந்தக் கல்லாற்று நாளை நான் எப்படி நினைத்துவைத்திருக்கிறேன் என்று சொன்னேன். நீ என் இடுப்புக்கு வரவே மாட்டேன் என்றாய், பிஸ்கட்டைக் காட்டியும் வரவில்லை, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாய், அதனால்தான் படத்தில் நீ அவள் மடியிலும் நான் தள்ளி நின்றும் இருக்கிறோம் என்று. அக்கா சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "எவ சொன்னா? அன்னைக்கு முழுக்க அவன் ஒன்கிட்ட போவணும்னு கெடந்து அழுதான். வெள்ளத்துல குதிச்சாவது ஒன்கிட்ட வரப் பாத்தான். அதாக்கும் நான் வயித்தைச் சுத்திப் பிடிச்சிருக்கேன், நல்லா பாரு. அன்னைக்காக்கும் எனக்கே மனசிலாச்சு, இவனை இனி அனுப்பணும்னு" என்றாள். இல்லை என்றேன். ஆமாம் என்றாள். நீ அழுததில் எனக்குச் சந்தேகம் இல்லை. யாருக்காக அழுதாய் என்பதில்தான் நாங்கள் ஒத்துப்போகவில்லை. இத்தனை காலம் நினைவில் நான் உன்னை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தேன், அவள் உன்னை எனக்குக் கொடுத்து வைத்திருந்தாள். கடைக்காரர் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார். உன் மெஷின் இதில் எதை எடுத்து நிரப்பும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் மூன்று காரியம் செய். அந்தப் பெண்ணை எடுத்துவிடு, கிழிந்த இடம் கிழிந்தபடி வெள்ளையாகக் கிடக்கட்டும். ஜெர்மன்காரர்கள் என்ன இது என்று கேட்டால், ஈரம் என்று சொல்லு. பலகையில் மறதி என்று எழுதியதை அழி. மறந்துபோனவன் நீ. அதை எழுத வேண்டும் என்றால் எழுது, தாராளமாக, நான் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறேன். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒருநாள் விதுராவுக்குப் போ. சந்தையில் இறங்கி நர்ஸம்மா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கேமராவைக் கொண்டு போகாதே. போய் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டு, அவளாகப் பேசுகிற வரைக்கும் இரு. ஆன்ட்டி என்று கூப்பிட்டாய் என்று என் காதுக்கு வந்தால், உன் விமானத்துக்கு முன்னால் நான் வந்து நிற்பேன்.

சாயங்காலம் அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள், வண்டி புறப்படுகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டி, "எடியே, கொச்சு இப்பளும் ஒறக்கத்துல பல்லைக் கடிப்பானா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கழக்கூட்டத்து ஃபிளாட்டில் நீ தனியாகக் கிடக்க ஆரம்பித்து எவ்வளவோ காலமாகிவிட்டது, கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை, நான் யாரிடம் போய்க் கேட்பேன்? ஆனால் அவளிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு மானக்கேடாக இருந்தது. "கடிப்பான்" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. தலையை ஆட்டிக்கொண்டே போனாள். பொய் என்றால் நீதான் போய்த் திருத்த வேண்டும்.

அம்மா